நாற்பத்திரண்டு பென்சில் குறிகள்

அன்பு மகள் வேல்விழிக்கு, அம்மா எழுதுவது. புனேக் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டு உடம்பு சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

இன்று காலை எழுந்ததும் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் பென்சிலைச் சீவி, நாற்பத்திரண்டு படிவங்களில் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டேன். நான் வருகைப் பதிவு எடுக்கும் நகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள் கையெழுத்து வைக்க வேண்டிய இடம் அது. எந்தத் தாள் வந்தாலும் அவர்கள் வாசிப்பதில்லை, என் குறியைத்தான் தேடுவார்கள். மருத்துவக் காப்பீட்டுக்கு ஆபீஸ் கட்டும் பங்குக்கு இனி ஒரு வரம்பாம். அதற்கு மேல் ஆவதைச் சம்பளத்தில் பிடிப்பார்கள், தாங்க முடியாதவர்கள் வீட்டு ஆட்களின் பெயரை எடுத்துவிட்டுத் தாங்கள் மட்டும் இருந்துகொள்ளலாம். கடைசி வரி, 'முழு மனதோடு சம்மதிக்கிறேன்.' மேலாளர் லட்சுமிகாந்தம், "நீங்க நீட்டுனா மறுபேச்சு இருக்காது பொன்மணி, அதான் உங்ககிட்ட தாரேன்" என்றார். பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார்.

வருகைப் பதிவு நேரத்தில் முதலில் சின்னத்தாயிடம் நீட்டினேன். "என்ன தாயி, காப்பி குடிக்காம வந்துட்டீகளா, மூஞ்சி இப்படி இருக்கு" என்று கேலி செய்துகொண்டே மையில் விரலை அழுத்தினாள். அப்புறம், "எங்க வீட்டு ஆளு விஸ்வநத்தத்துல பட்டாசு மருந்து கலக்குறாக, அவுக பேரு இதுல இருக்குல்ல?" என்று கேட்டாள். இருக்கு என்று சொல்லிவிட்டேன், இனி சம்பளத்தில் பிடித்தால்தான் இருக்கும் என்பதைச் சொல்லவில்லை. அவள் ரேகை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த தாளை என்னால் எடுக்க முடியவில்லை, படிவங்களை எல்லாம் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

வீட்டிலும் அதே கதைதான். தாயில்பட்டி பட்டாசு விபத்தில் ஒட்டிக்கொண்ட அப்பாவின் இரண்டு விரல்களுக்கும் ஐப்பசியில் இன்னொரு ஆபரேஷன் என்று மதுரை டாக்டர் சொல்லியிருக்கிறாரே, அது என் காப்பீட்டு அட்டையில்தான் நடக்க வேண்டும். விஷயத்தைச் சொன்னதற்கு, "எம் பேர வெட்டிரு புள்ள, சோத்த அள்ள மூணு விரலு போதும்" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவர் மருந்தில் கை வைக்கிற வீட்டில் இன்னொருவர் கையில் அட்டை இருக்க வேண்டும் என்றுதானே, கூடச் சம்பளம் தருகிறேன் என்ற அச்சு கம்பெனியை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தேன். இப்படி வந்தவர்களுக்கு வரம்பு போட்டவர்கள் யாரும் பட்டாசுக் கொட்டகைக்குள் புருஷனை அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இல்லை.

உன் வேலையிலும் எந்தத் தாள் தந்தாலும் கடைசி வரிவரை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடு, தருகிறவர் எவ்வளவு பிரியமானவராக இருந்தாலும் சரி. வேளாவேளைக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை. நீ நீண்ட ஆயுசோடு, நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

யாருக்கும் சொல்லாத ஒன்று. இதை எழுத உட்காரும் முன் நாற்பத்தொரு குறிகளையும் ரப்பரால் அழித்துவிட்டேன். சின்னத்தாயின் ரேகையை அழிக்க முடியாது, அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். திங்கட்கிழமை எல்லோரையும் வைத்துக்கொண்டு வரிவரியாக வாசிக்கப் போகிறேன். அதற்கு முன்னால், அவளிடம் நான் சொன்னது பொய் என்பதைச் சொல்வேன். மாற்றல் போட்டால் போடட்டும். எனக்கென்று தந்த படிவத்திலும் கையெழுத்து இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
செ. பொன்மணி