புளி போட்டுத் துலக்கிய ஊசி

பினாங்கு,
ஐப்பசி மாதம்.

பிரியமுள்ள தைலம்மைக்கு,

உன் தம்பி மாசிலாமணி இந்தக் கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்குவான். அவனுக்கு வேலை போய்விட்டது. வந்ததும் வராததுமாக ஏன் என்று கேட்காதே. முதலில் சோறு போடு.

எங்கள் கிடங்கில் உள்ள பீரங்கிக் குண்டுகளின் மூக்கில் ஒரு பித்தளை ஊசி செருகியிருக்கும். அது இருக்கும்வரை குண்டு கைதவறி விழுந்தாலும் வெடிக்காது. ஆயுத பூஜைக்குக் கிடங்கைக் கழுவிச் சந்தனம் வைத்தபோது, ஊசிகள் கறுத்துக் கிடக்கின்றனவே, கழற்றிப் புளி போட்டுத் துலக்கலாமே என்று ஒருவருக்குத் தோன்றிவிட்டது. நல்ல எண்ணம்தான். எல்லாம் பொன்னாக மின்னின. திரும்பச் செருகும்போது ஒன்று மட்டும் இல்லை. புளிச்சக்கையோடு சாக்கடைக்குப் போயிருக்க வேண்டும். பூஜை நாளில் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மறுநாள் அந்தக் குண்டைத் தோளில் வைத்துக்கொண்டு கப்பலில் ஏற்றும் துறைக்குப் படியிறங்கியவன் மாசிலாமணி. நான் பின்னாலேயே போனேன். கீழே நின்ற துரைதான் மூக்கில் ஊசி இல்லாததைக் கவனித்து, யார் செய்த வேலை என்று கேட்டார்.

அவன் என் காதோடு, "அத்தான், நீங்க பேசாம இருங்க. அக்கா புள்ளத்தாச்சி," என்றான். பிறகு தானே முன்னால் போய் நின்றான்.

நான் பேசாமல்தான் இருந்தேன்.

தன் கவனக்குறைவு என்றுதான் உன்னிடமும் சொல்வான். நீ அதை நம்பாதே. நம்பவில்லை என்று எனக்கு எழுதவும் செய்யாதே.

இப்படிக்கு,
உன் புருஷன்