சின்னக் குழலையே எடு, தம்பி

வெள்ளவத்தை
23.08.1998

அன்புள்ள மகன் யோகநாதனுக்கு,

இது அம்மா சொல்ல, உன் தங்கச்சி நேசமலர் எழுதுகிற கடிதம். என் வலது மணிக்கட்டு சுளுக்கியிருக்கிறது, அது எப்படி என்பது பின்னால் வரும். இங்கே அப்பாவும் நானும் நேசமும் சுகமாக வீட்டில் இருக்கிறோம். வீட்டில் என்பதை இரண்டு தரம் வாசி, அதற்கும் காரணம் இருக்கிறது. நீயும் அந்தக் கனடாக் குளிரில் காது மூக்கு உதிராமல் இருக்கவேண்டும் என்று பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயில் முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த வருடம் அவருக்கும் வேலை கூட, ஆகையால் நீயும் ஒரு தொப்பி போட்டுக்கொள்.

அங்கிருந்து லீவில் வந்த கிளெமென்றிடம் நீ கொடுத்துவிட்ட பார்சலைக் கொட்டாஞ்சேனையில் அவன் வீட்டுக்குப் போய் எடுத்து வந்தோம். சொக்லேற் உருகிச் சவர்க்காரத்தோடு ஒட்டிப்போயிருந்தது, அப்பா அதையும் மிச்சம் விடவில்லை. அடியில் அந்த இரண்டு குழல்கள். பெரியது ஒரு முழத்தை விட நீளம், சின்னது சுண்டுவிரல் அளவு. உன் கடிதத்தை வாசித்த பிறகுதான் விளங்கியது. உன் போர்மன் றேமண்ட் உன்னை எல்க் வேட்டைக்குக் கூட்டிப்போகிறானாம், எல்க் என்றால் மாட்டளவு மானாம், ஊதிக் கூப்பிடுவது உன் பொறுப்பாம், உனக்கு ஊத வரவில்லையாம். மீன்காரனையும் குக்கரையும் கரையோர ரயிலையும் வாயாலேயே செய்கிற நேசம், கூட வந்த மான்சத்தக் கசற்றைக் கேட்டு, எந்தக் குழல் நல்லது, எப்படி ஊதுவது என்று எழுதவேண்டுமாம். மகனே, யாழ்ப்பாணத்தில் நீ கூப்பிட்டு நம் வீட்டு நாயே வந்ததில்லை, உன்னை நம்பி ஒருவன் துவக்கோடு காட்டுக்கு வருகிறான் என்றால் அவனுக்காகவும் ஒரு தேங்காய் உடைக்கத்தான் வேண்டும்.

நேசம் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், கடையில் மிச்சக் காசு கேட்கவும் வெட்கப்படுகிறவள், ஆனால் அந்தக் கசற்றை எடுத்தால் ஆள் வேறு. தலையணைக்குள் முகத்தைப் புதைத்து இரண்டு கிழமை ஊதினாள். கீழ்வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் அலவி மேலே வந்து, யாருக்காவது வயிற்றுவலியா என்று மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனார். (இதை எழுத மாட்டேன் என்று பேனையை வைத்தாள், எழுதடி என்றேன்.)

போன செவ்வாய் காலை எங்கள் ஒழுங்கையில் பொலிஸ் சுற்றிவளைப்பு, வீடு வீடாகச் சோதனை. அடையாள அட்டை சரி, பொலிஸ் பதிவுத் துண்டு சரி. ஆனால் அலுமாரிக்குப் பின்னால் உன் பெரிய குழல். கறுப்பு, நெளிநெளியாக, அதற்கு இராணுவ உடுப்பைப் போலப் பச்சைப் புள்ளித் துணியில் உறை வேறு. பூப்போட்ட உறையில் ஒன்று அந்தக் கடையில் கிடைக்கவில்லையா? அப்பா பேசாமல் நின்றிருக்கலாம். முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் பேசிய சிங்களத்தை எடுத்து, இது மானைக் கூப்பிடுகிற குழல் என்றார். வெள்ளவத்தையில் எங்கே மான் என்று கேட்டான் பொலிஸ்காரன். மான் கனடாவில் என்றார் அப்பா. இங்கே ஊதினால் கனடாவுக்குக் கேட்குமா, அப்படியானால் இது செய்தி அனுப்புகிற சாமான் என்று அவரையும் குழலையும் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். ஜீப்புக்குப் பின்னால் ஓடிப் படியில் வழுக்கியதுதான் என் மணிக்கட்டு.

நானும் அலவியும் ஸ்டேசனுக்குப் போனோம், நேசம் கூப்பிடாமலே பின்னால் வந்தாள். நாலு மணிக்குள் இது என்னவென்று தெளிவாகாவிட்டால் ஆளை மேலிடத்துக்கு அனுப்பிவிடுவோம் என்றார்கள். மேலிடம் போனவர்கள் திரும்புகிற கணக்கு உனக்குத் தெரியும், அதை எழுதத் தேவையில்லை. இன்ஸ்பெக்டர் குழலை அப்பாவிடம் கொடுத்து ஊதிக் காட்டச் சொன்னார். அப்பா ஊதினார். காற்று வந்தது, அது வாயால் வந்த காற்றுப் போலவே இல்லை. ஒரு கொன்ஸ்டபிள் மூக்கைப் பொத்தினான். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

அப்போது அலவி என் காதில், "அக்கா, புள்ளைய ஊதச் சொல்லுங்க. இவரு ஊதினா இவர உள்ளயே வச்சிருவாங்க" என்றார். நான் சொல்லுமுன்னே நேசம் முன்னால் போய் நின்றாள். குழலை வாயில் வைத்தாள், சத்தமில்லை. இன்ஸ்பெக்டரிடம் என்னவோ முணுமுணுத்தாள், ஒருவன் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்தான். குடித்துவிட்டு ஊதினாள் பார், அடித்தொண்டையில் தொடங்கி, ஏறி ஏறி விசிலாகி, கடைசியில் உறுமலாக முடிந்தது. இரண்டு பேர் துவக்கைப் பிடித்தார்கள், ஒருவன் மேசைக்குக் கீழே போனான், இன்ஸ்பெக்டர் எழுந்தே விட்டார். நேசம் பெரியதைக் கீழே வைத்துவிட்டு, கைக்குள் பொத்திக் கொண்டுவந்த சின்னதைக் கடித்து மெல்ல ஊதினாள். பசித்த பூனைக்குட்டி போல ஒரு சத்தம், அவ்வளவுதான். பின் அறைகளில் இருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், அகப்பையோடு சமையல்காரனும் வந்தான். துவக்குகள் கீழே இறங்கின. இன்ஸ்பெக்டர் திரும்பக் கதிரையில் இருந்துகொண்டு, "நங்கி, ஆயெத் பிம்பின்ன" என்றார், தங்கச்சி இன்னொரு தரம் ஊதட்டுமாம். மூன்று தரம் ஊதவைத்த பிறகு அப்பாவை அனுப்பினார். பெரிய குழல் மட்டும் விசாரணைக்குத் தேவையாம். பின்னேரங்களில் ஸ்டேசன் பக்கம் அந்தச் சத்தம் கேட்கிறது என்று அலவி சொல்கிறார். அவர்களுக்கு மூச்சுப் போதாது என்கிறாள் நேசம்.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில், சின்னக் குழலையே எடு. பெரியது ஆண் மான் சண்டைக்குக் கூப்பிடுகிற சத்தம், சண்டைக்குக் கூப்பிட்டால் எவனும் முதலில் துவக்கைத்தான் பிடிப்பான். சின்னது பெண் மானின் சத்தம். இரண்டு தரம் ஊதிவிட்டுப் பேசாமல் இரு. பதில் வந்ததென்று அவசரப்பட்டு ஊதிக்கொண்டே இருக்காதே, கிட்ட வந்தபிறகு மூச்சும் விடாதே. காற்று உன் பக்கத்தில் இருந்து மானுக்குப் போனால் ஊதியும் பிரயோசனம் இல்லை, உன் காலுறை மணம் எனக்குத் தெரியும். ஊதுகிறவன் சுடுகிறவனுக்குப் பின்னால் தள்ளி இருக்கவேண்டும் என்று றேமண்ட் சொன்னதாக எழுதியிருந்தாய், அது மிக நல்லது. நீங்கள் போகிற நாள் புரட்டாதிச் சனி. நான் இங்கே சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கிற நேரத்தில் நீ அங்கே மானைச் சுடவேண்டாம், கூப்பிடுவதோடு நிறுத்து. கூப்பிட்ட பாவத்தை நான் எண்ணெயோடு சேர்த்துக் கழித்துவிடுவேன், சுட்ட பாவம் றேமண்டுக்கு. இறைச்சியை ஞாயிறு சாப்பிடு.

நோய்நொடி இல்லாமல், வேலை நிலைத்து, யார் கூப்பிட்டாலும் ஓடாத புத்தியோடு நீ நெடுங்காலம் இருக்க அப்பாவும் நானும் தலையில் கைவைத்து வாழ்த்துகிறோம். கிளெமென்ற் வியாழன் திரும்புகிறான், கடிதமும் சின்னக் குழலும் அவன் கையில் வரும். தொப்பியை மறக்காதே.

இப்படிக்கு
அம்மா சரோஜினிதேவி

அண்ணா, அம்மா தேத்தண்ணி போடப் போய்விட்டா, இது நான். எல்லாம் எழுதச் சொன்னவ, முக்கியமானதை விட்டுவிட்டா. பயத்தில் வாய் காய்ந்தால் குழல் சத்தம் போடாது. மான் கிட்ட வரும்போது உங்களுக்கும் காயும். வெட்கப்படாமல் முதலில் தண்ணீர் கேளுங்கள். நான் கேட்டேன், தந்தார்கள்.

நேசம்