கேட்டதற்கு மட்டும் பதில்

10 மே 1974, வெள்ளி

ரயில் ஸ்டிரைக்கில் தூத்துக்குடி உப்பு வேகனிலேயே நிற்கிறதாம். மெட்ராஸ் காஸ்டிக் சோடா ஃபாக்டரி ஒன்று எங்கள் உப்பளக் கம்பெனியைத் தேடி வந்துவிட்டது. மேனேஜர் தேவநாதன் காலையிலிருந்து போனை வைக்கவில்லை.

ஏழாம் பாத்தித் தண்ணீரைச் சோதித்தேன். உப்பு இறங்கிவிட்டது. மேலே நிற்பது வெறும் கசப்பு நீர். உடனே வடிக்காவிட்டால் கசப்பும் உப்போடு சேர்ந்து இறங்கும். வழக்கம்போல் வரப்பில் சிவப்புக் கொடி நட்டேன். அந்தக் கொடியைக் கண்ணால் பார்த்தால்தான் கொளஞ்சி மேஸ்திரி மடையைத் திறப்பார். நான் லேபுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

மேஸ்திரி அந்தப் பக்கம் வருவதற்குள் மேனேஜரின் கார் வந்தது. டிரைவர் குப்புசாமி இறங்கிக் கொடியைப் பிடுங்கினான். லேப் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபீசுக்குப் போய்க் கேட்டேன்.

"நிக்கட்டும்மா. எடை கூடும்."

"மெக்னீசியம் ஏறிடும் சார். சோடா ஃபாக்டரிக்கு ஆகாது."

"அவன் என்ன நாக்குல வெச்சா பாக்கப் போறான்? மேஸ்திரிகிட்ட போய் இதெல்லாம் பேசிக்கிட்டு நிக்காதீங்க."

வந்துவிட்டேன்.

11 மே

சொல்லியாகிவிட்டது. இனி அவர் பாடு. அப்படித்தானே?

22 மே

ஏழாம் பாத்தி உப்பை ஃபாக்டரி வேண்டாமென்றுவிட்டது; லாரிகள் திரும்பி வந்துவிட்டன. சாக்குகளில் ஈரம் சொட்டுகிறது.

மாலையில் கொளஞ்சி லேப் வாசலில் வந்து நின்றார். காலில் சேறு இருந்ததால் உள்ளே வரவில்லை.

"யம்மா, ஏழாம் பாத்தில கொடி நட்டீங்களாமே. நான் பாக்கறப்ப இல்லியே. நீங்க நடவேயில்லன்னு நெனச்சேன்."

"நட்டேன் மேஸ்திரி."

"அப்ப யாரு புடுங்குனது?"

கையிலிருந்த குடுவையைக் கழுவ ஆரம்பித்தேன். ஏற்கெனவே கழுவிய குடுவை. அவர் குடுவையைப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

25 மே, சனி

தேவநாதன் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் காப்பி வரவழைத்தார்.

"மெட்ராஸ் ஹெட் ஆபீஸ்லேர்ந்து சிவஞானம் சார் விசாரிக்க வர்றார். கொடி நட்டீங்களான்னு கேப்பார். நட்டீங்க. மேஸ்திரி மடை தொறந்தானான்னு கேப்பார். தொறக்கலை. ரெண்டும் உண்மைதானே? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க அருள்மேரிம்மா. லேப் மேல ஒரு தப்பும் இல்லைன்னு நானே சொல்றேன். சீஃப் கெமிஸ்ட் போஸ்ட் வரப்போகுது. உங்க பேரைத்தான் எழுதியிருக்கேன்."

பொய் சொல்லச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. இரண்டே இரண்டு உண்மை. மேஸ்திரி வேலை போய்விடும். எனக்கு ஒன்றும் ஆகாது. காப்பி நன்றாகத்தான் இருந்தது.

26 மே, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது நாத்தனார் இன்னாசியம்மாள் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் முழங்கால்ல இருக்காங்க, நீ மட்டும் தூண் மாதிரி நிக்கற. என்னா ஆச்சு?"

சொன்னேன்.

"மேஸ்திரிக்கோசரம் நீ எதுக்குடி வாயத் தொறக்கற? என் தம்பி போனப்புறம் இந்தச் சம்பளத்துலதான் ரெண்டு பேரும் சோறு துன்றோம். இந்த வயசுல உனக்கு எவன் லேப் வேலை குடுப்பான்?"

அண்ணி சொல்வதில் தப்பே இல்லை. நானே எனக்கு இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

27 மே

கூடை தூக்கும் திரௌபதியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், அன்றைக்கு ஏதாவது பார்த்தாயா என்று.

"பாக்காம? கொடியப் புடுங்குனவன் அந்தத் துணியாலயே கார் கண்ணாடியத் தொடச்சிக்கினு நின்னான். நாங்கெல்லாம் சிரிச்சோம்."

"விசாரணையில சொல்லுவியா?"

"நல்லா கேட்டியேம்மா. நாளைக்கே என் கூடையப் புடுங்கி எறிஞ்சிடுவாங்க. நீ படிச்சவ, நீ சொல்லு." தலைச்சும்மாட்டைச் சரிசெய்துகொண்டே போகும்போது திரும்பிச் சொன்னாள்: "உப்பக் கெடுத்தவன்னு பேர் வந்துட்டா மேஸ்திரிய இந்தக் கரையில எவனும் சேக்கமாட்டான்."

களைப்பாக இருக்கிறது. வெயில் காரணமில்லை.

29 மே, புதன்

சிவஞானம் வயதானவர், மரியாதையாகப் பேசினார். கொடி நட்டீர்களா? நட்டேன். மேஸ்திரி திறந்தாரா? இல்லை. தேவநாதன் பக்கத்து நாற்காலியில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "அவ்வளவுதான், நீங்க போகலாம்" என்றார் சிவஞானம்.

கதவு வரைக்கும் போனேன். வெளியே பெஞ்சில் கொளஞ்சி, வெளுத்த சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சட்டையை ஈஸ்டர் அன்றுகூட அவர் போட்டு நான் பார்த்ததில்லை. அவர் எதற்கு ஈஸ்டருக்குப் போடப்போகிறார்? என்னென்னவோ எழுதுகிறேன்.

திரும்பி வந்தேன். "சார், நீங்க கேக்காதது ஒண்ணு இருக்குது."

சொன்னேன். யார் பிடுங்கியது, அது யாருடைய கார், நான் போய்க் கேட்டது, அவர் சொன்னது. தைரியமாகச் சொன்னதாக எழுதிக்கொள்ள முடியாது. தேவநாதன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்களுக்கு உடம்பு சரியில்லை சார்" என்று மட்டும் சொன்னார்.

30 மே

குப்புசாமி வணக்கம் வைக்கவில்லை. பியூன்கூட டீ கொண்டுவர மறந்துவிட்டான்.

14 ஜூன்

முடிவு வந்துவிட்டது. கொளஞ்சிக்கு வேலை போகவில்லை. தேவநாதனும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். உப்பு கெட்டதற்கு ஸ்டிரைக் நேரத்து அவசரம்தான் காரணமாம்.

லேபுக்கு மெட்ராஸிலிருந்து புதிதாக ஒருவர் வருகிறார். நான் எடைக் கொட்டகைக்கு. "நிர்வாக வசதிக்காக." சம்பளம் குறையவில்லை. சீஃப் கெமிஸ்ட் பேச்சை யாரும் எடுக்கவில்லை, நானும்தான்.

அண்ணியிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அங்க உக்கார நாற்காலி இருக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

1 ஜூலை, திங்கள்

எடைக் கொட்டகையில் முதல் நாள். நாற்காலி இருக்கிறது; ஒரு கால் ஆடுகிறது.

பகல் சாப்பாட்டு நேரத்தில் கொளஞ்சி வந்தார். நன்றி சொல்லிவிடுவாரோ என்று கூச்சமாக இருந்தது. சொல்லவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டு தூரத்தில் பாத்திகளைப் பார்த்தபடி நின்றார்.

"அன்னிக்கி லேப்ல நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்மா" என்றார்.

"ஆமாம் மேஸ்திரி."

தலையசைத்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் திண்டிவனம் லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தான்.

"புது கிளார்க்குங்களா?"

"ஆமாம்பா," என்றேன். "வண்டியை மேடை மேல ஏத்து."