விட்ட கேட்ச் யார் கணக்கில்

ஸ்ரீரங்கம்,
மே 14

அன்புள்ள பிரான்சி அப்பாவுக்கு,

டெல்பின் எழுதுவது. இறைவன் அருளால் நானும் பிள்ளையும் சுகம். ஷார்ஜா வெயிலில் உங்கள் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று தினமும் ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம். உங்கள் தம்பி டோனி வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

பிரான்சி ஏழாம் வகுப்புக்குப் போகிறாள். முடி வெட்டிக்கொள்ள அனுமதி கேட்கிறாள். அதை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

தென்னூர் ஆபீசில் என் வேலை உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் சின்ன ஊர்களில் சம்பளத்துக்கு ஆடும் பேஸ்பால் அணிகளின் வீடியோவைப் பார்த்து, யார் எறிந்தார், யார் அடித்தார், யார் பிடித்தார் என்று பந்துக்குப் பந்து பதிய வேண்டும். காலேஜ் நாளிலிருந்து கிரிக்கெட் ஸ்கோர் எழுதியவளுக்கு இது எம்மாத்திரம் என்றுதான் இருந்தேன். அந்தத் திமிர்தான் காலை வாரியது.

ஓர் ஆட்டத்தில் எளிதான கேட்ச் ஒன்றை ஒருவர் நழுவவிட்டார். நான் அதை அடித்தவருக்கு வரவு வைத்துவிட்டேன். நம் கிரிக்கெட்டில் கேட்ச் விட்டால் அடித்தவருக்கு யோகம், ஓட்டமெல்லாம் பௌலர் தலையில். பேஸ்பாலில் விட்டவர் பெயரில் தவறு என்று எழுத வேண்டும், அதனால் வந்த ஓட்டம் எறிந்தவரைச் சேராது. மொத்த ஸ்கோர் மாறாததால் யாருக்கும் தெரியவில்லை. எனக்கே மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நான் வந்த பஸ் காவிரிப் பாலத்தில் நெரிசலில் நின்றது. கீழே மணலில் ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கேட்சை விட்டார். பந்து போட்டவர் இடுப்பில் கைவைத்து நின்றதைப் பார்த்ததும் நான் தப்பாகப் பதிந்த அந்தக் கேட்ச் நினைவுக்கு வந்தது.

மேலாளர் விக்டர் சார், ஸ்கோர் சரியாக இருக்கும்போது எதற்கும்மா வம்பு என்றார். இந்த சீசன் வேலையைப் பார்த்துத்தான் அமெரிக்கக் கம்பெனி எங்கள் ஆபீசுக்கு அடுத்த ஒப்பந்தம் தரும், நாமே தவறு என்று எழுதினால் முதலில் போவது நீங்கள்தான் என்றும் சொன்னார். நீங்களும், அவர் பேச்சைக் கேள், இல்லாவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஜூனில் இங்கே வந்துவிடு என்றீர்கள். நான் கேட்கவில்லை. எறிந்தவருக்கு இருபத்திரண்டு வயது. பெரிய அணிக்காரர்கள் அவரை நேரில் வந்து பார்க்கப் போவதில்லை, நான் எழுதியதைத்தான் பார்ப்பார்கள். என் பெயரைப் போட்டே அந்தக் கம்பெனிக்குத் திருத்தம் அனுப்பினேன். அதைச் சொன்னதும் நீங்கள் போனை வைத்து ஒன்பது நாளாகிறது.

பதில் வந்துவிட்டது. திருத்திவிட்டார்கள், என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. போன வருஷத்து ஆட்டங்களிலும் நழுவிய கேட்ச்களை மறுபடி பார்க்கச் சொன்னார்கள். இரண்டே நாளில் ஆறு தவறு அகப்பட்டது. அதில் நான்கு விக்டர் சார் பதிந்தவை. மனிதர் இப்போது எனக்கு டீ வாங்கிக் கொடுக்கிறார்.

அக்டோபர் வரை சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் என்றார்கள். உங்களைக் கேட்காமலே சரி சொல்லிவிட்டேன். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. ஜூனில் என்னால் வர முடியாது. விசா பேப்பரைத் தள்ளிப்போடுங்கள், கிறிஸ்துமஸுக்கு நானும் பிரான்சியும் அங்கே வருகிறோம். இந்த வேலை எனக்கு நன்றாக வருகிறது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

உங்கள் கோபத்தைத் தாங்கிக்கொள்வேன். நீங்கள் பேசாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. மாதா உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். நான் செய்தது சரி என்று நீங்கள் சொல்ல வேண்டாம். வழக்கம்போல மத்தியானம் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் கேட்கும் வரை நான் சாப்பிட உட்காருவதில்லை.

என்றும் உங்கள்,
டெல்பின்