மடக்கி எடுக்காத படம்

லம்பாசா
9 ஆகஸ்ட் 1964

அன்புள்ள மகன் கோவிந்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நாங்கள் நடமாடிக்கொண்டிருக்கிறோம், ஆக்லாந்து குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் கவலை. கரும்பு வெட்டு பாதி முடிந்தது, இந்த வருஷமும் நம் வெட்டுக் கேங்கை நடத்தும் சர்தார் அப்பலசாமிதான்.

உன் தங்கை ருக்மணிக்கு மூன்று மாதமாக முழங்காலின் முன்பக்கம், சில்லுக்கு அடியில் வலி. படி இறங்கினாலும் வலி, குந்தி எழுந்தாலும் வலி. ஆஸ்பத்திரியில் காலை நீட்டி வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒரு குறையும் இல்லை. கிளம்பலாம் என்று எழுந்தேன். புது டாக்டர் என்னை உட்காரச் சொல்லி, வலிக்கிற இடம் இதில் சரியாகத் தெரியாது என்று முழங்காலை மடக்க வைத்து இன்னொரு படம் எடுத்தார். சில்லு தன் பள்ளத்தில் உட்காராமல் வெளிப்பக்கம் ஒதுங்கி நின்றது எனக்கே தெரிந்தது. பயிற்சி செய்தால் போதும், நல்ல வேளை சீக்கிரம் கொண்டுவந்தீர்கள் என்றார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

ஐந்து வருஷத்துக்கு முன் நீயும் இதே இடத்தைத்தானே தொட்டுக் காட்டினாய். உன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பாருங்கள் ஒன்றுமில்லை, வேஷம் போடுகிறான் என்று கேங்க்காரர்களிடம் சிரித்தேனே. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது கோவிந்து, அது உனக்குத் தெரியாது. உன்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அப்போதிருந்த டாக்டர் என்னிடம் இந்தியில் சொன்னார், திங்கட்கிழமை திரும்பக் கொண்டுவா, மடக்கி வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும், அதுவரை வெட்டுக்கு அனுப்பாதே என்று. நம் வீட்டிலிருந்து ஆள் போகாவிட்டால் கேங்கில் நம் கரும்பைக் கடைசியில்தான் வெட்டுவார்கள், எனக்கோ அப்போது இடுப்புப் பிடிப்பு. வெளியே வந்து டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார் என்றேன். நீ நம்பினாய். அந்த சீசன் முழுக்க நொண்டிக்கொண்டே வெட்டினாய்.

நேற்றுதான் அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை, சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பஸ் படி இறங்கச் சிரமமாக இருக்கிறது என்று போன கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய். அங்கே முழங்காலை மடக்கி வைத்துப் படம் எடுக்கச் சொல், மறந்துவிடாதே. என்ன தெரிந்தாலும் எனக்கு எழுது. இங்கே நம் சங்கம் நடத்தும் பள்ளியில் படித்த தமிழ் மறந்திருந்தாலும் எழுத்துக்கூட்டி நீயே படி, யாரிடமும் கொடுக்காதே.

என் ஆசீர்வாதம் என்று எழுதக் கை வரவில்லை. அம்மாவுடையதை அனுப்புகிறேன், அதை வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா வீரசாமி