அணையாப் பட்டணம், நான்காம் பாகம்

3.9.2025, புதன்

'அணையாப் பட்டணம்' நாவலின் மூன்றாம் பாகத்தை இன்று முடித்தேன். மதியம் தூங்கவில்லை.

"பசங்க படிக்கிற புக்கை வெச்சிகினு இவ்ளோ நேரம் என்னதான் பண்றீங்க?" என்றாள் மனைவி திரிசலா. அட்டையிலேயே 'இளையோருக்கான அறிவியல் புனைகதை' என்று போட்டிருக்கிறது. எனக்கு எழுபத்திரண்டு. நூலகத்திலிருந்து வரும்போது நாளிதழில் சுற்றித்தான் எடுத்து வருகிறேன்.

கதையைச் சுருக்கி எழுதி வைக்கிறேன். நிலத்துக்கு அடியில் ஒரு பட்டணம். அங்கே விளக்கை அணைப்பதே இல்லை. இருட்டு ஒரு நோய் என்கிறது ஆட்சி. பதினைந்து வயதில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஷிப்டு குறித்துக் கொடுத்துவிடுவார்கள், சாகும்வரை அதுதான். எழினி என்ற பெண் ஓர் உடைந்த குழாய்க்குள் விழுந்து, முதன்முதலாக இருட்டைப் பார்க்கிறாள். பயப்படவில்லை. நன்றாகத் தூங்கிவிடுகிறாள்.

நாங்கள் சமணர், ஊரில் நயினார் என்பார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம். பொழுதே சாயாத ஊரில் நான் எப்போது கை கழுவுவேன்? மூன்று நாளாக இதையே யோசிக்கிறேன். அற்பமான கேள்விதானோ.

நான்காம் பாகம் நூலகத்தில் இருக்கிறது. முதல் மூன்றுக்கும் குறிப்பு எழுதி முடித்த பிறகே அதைத் தொடுவது. என் வழக்கம் அப்படி.

6.9.2025, சனி

நூலகர் ஹேமலதா மெதுவாகத்தான் சொன்னார். "சார், இந்த நாலு புக்கையும் உங்களைத் தவிர யாருமே எடுக்கல. இந்த மாசக் கடைசியில செய்யாறு நூலகத்துக்கு அனுப்பிடுவோம். பரீட்சை புக்கு வைக்க இடம் இல்ல."

வேறு யாராவது எடுத்தால்?

"எடுத்தா இங்கயே இருக்கும். நம்ம வாசகர் வட்டத்துல நீங்களே பேசுங்களேன்."

எட்டு வருடமாக வட்டத்துக்குப் போகிறேன். கடைசி வரிசை. ஒரு தடவையும் பேசியதில்லை.

7.9.2025, ஞாயிறு

நான்காம் பாகத்தை மட்டும் எடுத்துப் படித்துவிட்டு விட்டுவிடலாம். என் வேலை முடிந்தது. புத்தகங்கள் போனால் போகட்டும்.

ஆனால் இந்த ஊரில் எழினியைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று ஆகிவிடும். யாரிடம் போய் அவளைப் பற்றிப் பேசுவது?

10.9.2025, புதன்

வட்டத் தலைவர் நெடுஞ்செழியனிடம் சொல்லிவிட்டேன். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், குரல் பெரிது. "நீங்களா? பேசப் போறீங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். எனக்கே அந்தச் சந்தேகம்தான்.

13.9.2025, சனி

பேச்சு பதினொரு பக்கம் வந்திருக்கிறது.

14.9.2025, ஞாயிறு

பேசினேன்.

முதல் பக்கம் என் காதுக்கே கேட்கவில்லை. "சத்தமா, சார்," என்றது ஒரு குரல். பிறகு எழினி குழாய்க்குள் விழும் இடம் வந்தது. அதற்கப்புறம் தாளைப் பார்க்கவில்லை. முதல் பாகம் முழுக்கச் சொன்னேன். இரண்டாம் பாகம். அவள் அண்ணனே காட்டிக்கொடுப்பது, அவனை அவள் மன்னிக்காதது. மூன்றாம் பாகம். கடைசிப் பக்கம்: பட்டணத்தின் அத்தனை விளக்குக்கும் ஒரே சுவிட்சு, அதன்மேல் அவள் கை. இருட்டையே பார்த்திராத ஜனம் தெருவில் நிற்கிறது.

நிறுத்தினேன்.

பட்டுப்புடவைக் கடை சம்பந்தம்தான் முதலில் வாயைத் திறந்தார். "அதான் மொத்தக் கதையும் சொல்லிட்டீங்களே நயினாரே, இனி எவன் படிப்பான்? பிரியாணிய நீங்க துன்னுட்டு எங்களுக்கு எலும்பக் காட்டுறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துப் பிரியாணி உதாரணம்.

எங்கே தவறினேன் என்று அங்கே நிற்கும்போதுதான் புரிந்தது. எங்கள் ஜினாலயத்தில் புராணம் வாசிக்கிறவர் முடிவைத்தான் முதலில் சொல்வார். யார் துறவு போனார், யார் முக்தி அடைந்தார் என்று தெரிந்துகொண்டுதான் கேட்க உட்காருவோம். கதை சொல்வதென்றால் முழுக்கச் சொல்வது. அறுபது வருடமாக வேறு விதமாகக் கேட்டதில்லை. நாவலை அப்படிப் பரிந்துரைக்கக் கூடாது என்று என்னிடம் யார் சொன்னார்கள்? யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. படித்தவன்தானே நான்.

"அப்புறம்? சுவிட்ச அமுக்கினாளா?" என்று கேட்டது கமலம். கணவரோடு விசைத்தறி நடத்துகிறவர், வட்டத்துக்குப் புதிது.

"தெரியாதும்மா. நாலாம் பாகம் நான் இன்னும் படிக்கல."

"இன்னா சார் நீங்க," என்றார். நிஜமாகவே கோபம்.

வெளியே வந்தபோது இருட்டியிருந்தது. அதனால் இரவு சாப்பாடு இல்லை. பசிக்கவும் இல்லை. கெடுத்துவிட்டேன், வேறென்ன.

15.9.2025, திங்கள்

செய்யாறுக்குப் போவதற்குள் நான்காம் பாகத்தையாவது படித்துவிடலாம் என்று போனேன். அலமாரியில் முதல் மூன்றும் இருந்தன. நான்காவது இல்லை.

"காலைல கதவு திறக்கும்போதே கமலம் நின்னுகினு இருந்தாங்க சார். முதல் மூணும் வேணாவான்னு கேட்டேன். 'அதான் சார் சொல்லிட்டாரே'ன்னாங்க," என்றார் ஹேமலதா.

நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி? தெரியவில்லை.

19.9.2025, வெள்ளி

காந்தி சாலையில் சம்பந்தத்தைப் பார்த்தேன். கையில் முதல் பாகம்.

"கதைதான் தெரியுமே உங்களுக்கு," என்றேன்.

"நீங்க சொன்னது கரெக்டான்னு பாக்க வேணாவா? அண்ணன் காட்டிக்கொடுத்தான்னீங்க. எனக்கு நம்பிக்கையில்ல."

"காட்டிக்கொடுத்தான்."

"பாக்கலாம்."

1.10.2025, புதன்

புத்தகங்கள் செய்யாறுக்குப் போகவில்லை. நான்காம் பாகத்துக்கு ஹேமலதா ஒரு வரிசை போட்டிருக்கிறார். கமலத்துக்கு அப்புறம் அவர் நாத்தனார், அடுத்து முள்ளிப்பட்டிலிருந்து ஒருவர், அப்புறம் நெடுஞ்செழியன். பிறகு நான். "முன்னாடி போட்டுடட்டுங்களா சார்?" என்றார். வேண்டாம் என்றேன். முறை என்று ஒன்று இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும், சரி என்றிருக்கலாமே என்று தோன்றியது.

9.10.2025, வியாழன்

காய்கறிக் கடையில் கமலம். "சார், படிச்சிட்டேன். தறி ஓடிகினே இருக்குது, நான் படிச்சிகினே இருக்கறேன், அவுரு கத்திகினே இருக்கறாரு. கடைசில அந்தப் பொண்ணு இன்னா பண்ணா தெரியுமா—"

"வேண்டாம்மா." என்னை அறியாமல் கையைத் தூக்கிவிட்டேன்.

அவர் என் கையைப் பார்த்தார். அப்புறம் சிரிப்பு. "எங்களுக்கு மட்டும் எல்லாத்தையும் சொன்னீங்க?"

சுரைக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

12.10.2025, ஞாயிறு

திரிசலா முதல் பாகம் படிக்கிறாள். சம்பந்தம் திருப்பிக் கொடுத்ததை நேற்று எடுத்து வந்தேன். நாளிதழ் சுற்றவில்லை.

26.10.2025, ஞாயிறு

வட்டம் இன்று நீளும் என்று திரிசலா நாலு மணிக்கே சாப்பாடு போட்டுவிட்டாள்.

நான் நுழைந்தபோது ஒரே கூச்சல். கமலத்துக்கும் நெடுஞ்செழியனுக்கும் சண்டை. "அவ செஞ்சது தப்புன்றேன் நானு," என்கிறார் நெடுஞ்செழியன். "நீங்க அந்த ஊர்ல பொறந்திருந்தா தெரியும்," என்கிறார் கமலம். என்னைப் பார்த்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"சார் இன்னும் படிக்கல," என்றார் ஹேமலதா.

"அப்ப நயினாரே, கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்க. இத முடிச்சுட்டுக் கூப்புடறோம்," என்றார் சம்பந்தம்.

வெளியே வந்து படியில் நின்றேன். ஜன்னல் வழியாகக் குரல் வந்தது. எழினியின் பெயர் கேட்டது. உடனே இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டேன். சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

பொழுது சாய்ந்தது. கூப்பிட வெகுநேரம் ஆயிற்று.

வரிசையில் அடுத்த முறை என்னுடையது.