கால் வலியும் கொழுப்பு மாத்திரையும்

ஜூன் 3, 2014. செவ்வாய்.
திண்டிவனம். அனல் காற்று. பள்ளி திறந்து இரண்டாம் நாள். இந்த வருஷமும் மூன்றாம் வகுப்பு என் தலையில்.

வீட்டுக்காரருக்குக் கால் வலி போயே போச்சாம். கண்டக்டர் வேலை, விழுப்புரத்துக்கு நாளெல்லாம் நின்றபடி. எல்லாம் அவர் தங்கை ஸ்டெல்லா விற்கும் எலுமிச்சைப் புல் எண்ணெயின் மகிமை. கெண்டைக்காலில் தடவுவது போக, வெந்நீரில் ஐந்து சொட்டு விட்டுக் குடிக்கவும் செய்கிறார். பாட்டிலில் 'மேல்பூச்சுக்கு மட்டும்' என்று இருந்தது. காட்டினேன்.

"ஸ்டெல்லாவுக்குத் தெரியாததா?"

ஜூன் 5. வியாழன்.
சோப்பு, ரவை. அவருக்கு டபுள் டூட்டி, அதனால் அவருடைய கொழுப்பு மாத்திரையையும் நானே வாங்கப் போனேன். மெடிக்கல் கடைக்காரர்: "சார் பிப்ரவரிலேர்ந்து அத வாங்கறதே இல்லியே டீச்சர்."

எண்ணெயைப் பற்றிச் சொன்னேன்.

"தேங்கா எண்ணெயில கலந்து மேல தடவட்டும், பரவால்ல. உள்ளுக்கு வேணாம். கால் வலி அந்த மாத்திரையாலயே வந்திருக்கலாம். டாக்டர் கிட்ட சொல்லியிருந்தா வேற மாத்தி குடுத்திருப்பாரு."

ஆக, வலி போனது எண்ணெயால் இல்லை. மாத்திரையை நிறுத்தியதால்.

வீட்டில் கேட்டேன். கத்தினார். "வலிய வச்சிக்கினு, நின்னுகினு டிக்கெட் குடுத்தேன். உங்கிட்ட எத்தினி வாட்டி சொன்னேன்? டூட்டிக்கு டிமிக்கி குடுக்கறேன்னு சொன்ன. ஸ்டெல்லா தான் காது குடுத்துக் கேட்டா."

சொன்னேன்தான். ஒரு தடவை மட்டும் இல்லை.

நாளைக்கே டாக்டரிடம் போகலாம் என்றேன். ஞாயிறு போகட்டும் என்றார்.

ஜூன் 8. ஞாயிறு.
பூசை முடிந்து மாதா கோயில் வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வேர்வை. ஆம்புலன்ஸ். விழுப்புரம். ஹார்ட் அட்டாக்.

"மாத்திரை நிறுத்தி எவ்ளோ நாளாச்சி?" டாக்டர்.

"நாலு மாசம்."

"ஒரே வீட்டுல தானேம்மா இருக்கீங்க?"

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

ஜூன் 10. செவ்வாய்.
பிழைத்துவிட்டார். ஒரு இட்லி. ஸ்டெல்லா வந்தாள், பையில் அதே பாட்டில். அவர் நெஞ்சில் தடவப் போனாள். கையைப் பிடித்தேன்.

"எண்ணெயக் குடின்னு தான் சொன்னேன் அண்ணி. மாத்திரைய நிறுத்துன்னு சொல்லவே இல்ல."

பொய். முகத்திலேயே தெரிந்தது. அவர் கண்ணை மூடியபடியே, "அவளத் திட்டாத. நல்லதுக்குத் தான் பண்ணா" என்றார்.

மூன்று நாளாக ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவள் நான். எனக்கென்று அவரிடம் ஒரு வார்த்தை இல்லை.

ஜூன் 14. சனி.
வீடு. அதே வெயில். வேறு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். எண்ணெய் உள்ளுக்குக் கூடவே கூடாது. சதை வலித்தாலோ மூத்திரம் கறுத்துப் போனாலோ உடனே வர வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது.

சாப்பாடானதும் கொடுத்தேன். விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

"கால் வலிக்குதாங்க?"

"எதுக்குக் கேக்குற? திட்டறதுக்கா?"